தீர்மானப்படி ஒரு சிவப்புக் கார்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் தமிழர் நல்லொழுக்க அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருந்தது. தமிழர்களின் ஒழுக்கம் அதனால் எந்த மட்டுக்கு அபிவிருத்தி அடைந்தது என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆனால் சங்கத்துக்கு ஒரு மாடி, ஒரு வெண்கல மணி, தலைவர் உட்கார உயரமான முதுகு வைத்த நாற்காலி, சக்கரவர்த்தியின் படம், படத்துக்கு ஒரு மாலை என்று எதற்கும் குறைவில்லை. மாடிக்குக் கீழே மிளகாய் அரைக்கிற மில். மில் ஓடும்போது கூட்டம் நடந்தால் மேலே உள்ளவர்களுக்குக் கண்ணில் நீர் வடியும், மூக்கு ஒழுகும். இதெல்லாம் தம்முடைய பேச்சின் உருக்கத்தால் வருவது என்றே தலைவர் பாக்கியசாமி பல வருஷங்களாக நம்பி வந்தார். கூட்டத்தை வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "வேணாம் தம்பி, இந்த நேரத்துலதான் ஜனங்க மனசு இளகியிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பாக்கியசாமி ஓர் அரசாங்க ஆபீசில் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா. தம் ஆபீசு துரை எப்படித் தொண்டையைச் செருமுவாரோ அப்படியே செருமுவார். துரை எதற்கெல்லாம் முகம் சுளிப்பாரோ அதற்கெல்லாம் முகம் சுளிப்பார். துரைக்கு மாங்காய் ஊறுகாய் ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து அதையும் வீட்டில் ஒளித்து வைத்துத்தான் தின்றார். பாவம், நல்ல மனுஷர்தான். யாருக்கும் மனசறிந்து கெடுதல் செய்ததில்லை. செய்ததெல்லாம் தீர்மானம் போட்டுச் செய்ததுதான்.

இந்தச் சங்கத்தின் கையில்தான் செபாஸ்டியன் என்கிற வாலிபனின் தலையெழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவர். காயத்துக்குக் கட்டுப் போட்டுப் போட்டே காலம் கழித்தவருக்கு, மகனாவது டாக்டராகிக் கட்டுப் போடச் சொல்ல வேண்டும் என்று ஆசை. பாலிக் புலாவில் இருந்த ஜாதிக்காய்த் தோப்பை விற்று, பணத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தார். "மனுஷன்கிட்ட கொடுத்தா அவன் செத்துப்போவான். சங்கம் சாகாது" என்று மனைவி அன்னமேரியிடம் சொன்னார். சொன்ன கொஞ்ச காலத்திலேயே அவர் செத்துப்போனார். சங்கம் சாகவில்லை.

வருஷா வருஷம் செபாஸ்டியன் சங்க மேடையில் ஏறிக் கும்பிட்டு, மாலை போட்டுக்கொண்டு, தலைவரின் அறிவுரையை முழுக்க வாங்கிக்கொண்டு, அந்த வருஷப் பணத்தையும் வாங்கிச் சிங்கப்பூர் டாக்டர் காலேஜுக்கு ரயில் ஏறுவான். இப்போது பாக்கி இருந்தது கடைசி வருஷம். அது முடிந்தால் டாக்டர். தெருவில் உள்ளவர்கள் இப்போதே அவனைக் கண்டால் நோயாளி மாதிரி நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அன்னமேரி தையல் மெஷினை மிதித்தபடியே, மகன் வருகிற வருஷம் கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதை நினைத்து நினைத்துச் சிரிப்பாள். அந்த நேரத்தில்தான் சங்கத்துக்கு மோட்டார் கார் ஞாபகம் வந்தது.

அது எப்படி வந்தது என்றால், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இன்னொரு தமிழர் சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக் காண்டிராக்டர் ஒருவரின் மகன், அவனும் காலேஜில் படிக்கிறவன், புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டான். வாங்கினவன் அக்கரையிலேயே ஓட்டிக்கொண்டு கிடக்கக் கூடாதா? ஃபெர்ரியில் ஏற்றி ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவந்து, நல்லொழுக்கச் சங்கம் இருக்கிற தெருவிலேயே ஹாரனை அடித்துக்கொண்டு மூன்று தரம் சுற்றிவிட்டுப் போனான். மாடியில் பாக்கியசாமி 'பொறாமை என்னும் பேய்' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

மறு வாரமே சங்கத்தின் வருஷாந்தரத் தர்க்கத்துக்குத் தலைப்பு அறிவிக்கப்பட்டது: 'கல்லூரி மாணவன் புதிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டுமா, வேண்டாமா?'

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மற்ற சங்கங்களில் தர்க்கம் என்றால் பேசுவார்கள், கை தட்டுவார்கள், காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இந்தச் சங்கத்தில் அப்படி இல்லை. தர்க்கத்தின் தீர்ப்பு அங்கத்தினர் எல்லாரையும் கட்டும் என்று பாக்கியசாமி விதி செய்திருந்தார். போன வருஷத்துத் தலைப்பு 'மீசை அவசியமா?' அவசியமில்லை என்று தீர்ப்பானது. அன்று சாயங்காலமே மாடிக்கு நாவிதரை வரவழைத்து வரிசையாக உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். பொருளாளர் நல்லமுத்து இருபது வயதிலிருந்து எண்ணெய் தடவி வளர்த்த மீசையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனபோது, அவருடைய நாயே அவரைத் தெருவில் நிறுத்திக் குரைத்தது.

இந்த வருஷத் தீர்ப்பு எல்லாரையும் கட்டாது. சங்கத்தில் கல்லூரி மாணவன் ஒருவன்தான்.

"என்னம்மா இது? நான் கார் கேட்டேனா?" என்றான் செபாஸ்டியன், வீட்டில்.

"நீ கேக்காட்டி என்ன, அவனுங்களுக்கு வேணுமே. போய் எதிர்த்துப் பேசுடா. உனக்கு வாய் இல்லையா?" என்றாள் அன்னமேரி.

வாய் இருந்தது. தர்க்கத்தன்று 'வேண்டாம்' கட்சியில் அவனையே பேசவும் விட்டார்கள். 'வேண்டும்' கட்சியில் ஹென்றி. ஹென்றி ஏலக் கம்பெனியில் கூவுகிறவர். அவர் குரலைக் கேட்டால் பழைய கட்டிலைக்கூட வாங்கத் தோன்றும். எழுந்தார்.

"கனவான்களே! ஒருவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் சைக்கிளில் வருகிறார். பாதிரியாரும் சைக்கிளில் வருகிறார். இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், அந்த வீட்டில் யாருக்கு வேலை? சொல்லுங்கள்! ஆகவே டாக்டருக்குப் படிக்கிறவன் கார் வாங்கியே தீர வேண்டும்!"

கை தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கீழே மில்லும் ஓடிக்கொண்டிருந்ததால் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செபாஸ்டியன் எழுந்து, "ஐயா, நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை. இருக்கிற பணம் காருக்குப் போய்விட்டால் கடைசி வருஷம் படிக்க முடியாது. படிக்காவிட்டால் டாக்டராக முடியாது. டாக்டராகாமல் அந்தக் காரை நோயாளி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் நான் என்ன செய்ய?" என்று கேட்டான்.

பாக்கியசாமி மணியை அடித்தார். "தம்பி, விஷயத்தை விட்டு விலகக் கூடாது. தர்க்கத்தில் சொந்த விவகாரத்தை இழுப்பது பண்பல்ல."

"என் கதையைத்தானே ஐயா தர்க்கம் பண்றீங்க?"

மறுபடியும் மணி.

தீர்ப்புக்குத் தலைவர் எழுந்தார். துரை மாதிரி தொண்டையைச் செருமினார். "அன்பர்களே, ஆடம்பரம் தமிழனின் சத்துரு. எளிமையே நம் அணிகலன். இதை நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்கரைச் சங்கத்தில் ஒரு கார் இருக்கிறது. நம் சங்கத்தில் இல்லை. கார் உள்ளவன் எளிமையாக இருந்தால் உலகம் மெச்சும். கார் இல்லாதவன் எளிமையாக இருந்தால் அதை யார் கவனிக்கிறார்கள்? ஆகவே எளிமையை உலகுக்கு எடுத்துக்காட்டும் பொருட்டு, மாணவன் கார் வாங்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறேன். சிவப்பு நிறம் உத்தமம்."

மீசை போன நல்லமுத்துதான் முதலில் கை தட்டினார். பட்டவருக்கு அடுத்தவன் படுவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி.

செபாஸ்டியன் மறுநாள் பாக்கியசாமியின் வீட்டுக்கே போய்க் கெஞ்சினான். அடுத்த நாளும் போனான். தலைவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊறுகாயோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கார் எனக்கு எதுக்கு? ஒரே ஒரு வருஷம்தான் ஐயா பாக்கி."

"படிப்பு எங்க ஓடிப்போவுது? அடுத்த வருஷம் படிச்சுக்கலாம்லா."

"அடுத்த வருஷம் காசுக்கு எங்க போவேன்?"

"அதுக்கு அப்புறம் ஒரு தீர்மானம் போடலாம். நீ டாக்டராகி என்ன செய்யப் போற? நோயைப் பாக்கப் போற. நோய் எங்க போயிடப் போவுது? மனுஷன் இருக்கிற வரைக்கும் இருக்கும். ஆனா கார்க் கடையில நிக்குதே ஒரு சிவப்புக் காரு, அது இன்னொரு மாசம் இருக்குமா?"

செபாஸ்டியன் வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தான். அன்னமேரி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "கட்டையில போறவன்! அவன் நெஞ்சைப் பொளந்து பாத்தா அதுக்குள்ளயும் மணிதான் இருக்கும்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

காரை ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சங்கம் ஓர் உபகமிட்டி அமைத்தது. உபகமிட்டியில் தலைவர் பாக்கியசாமியும் காரியதரிசி கார்த்திகேசுவும். செபாஸ்டியனையும் கூட்டிக்கொண்டு கார்க் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இப்ராஹிம் துணியால் காரைத் துடைத்தபடியே வரவேற்றார். பார்க்க அழகான வண்டிதான், அதில் பொய்யில்லை. நல்ல சிவப்பு. முன்னால் ஓட்டுகிறவருக்கும் இன்னொருவருக்கும் இடம், மேலே மடக்குகிற கூரை. பின்னால் மூடி மாதிரி ஒன்று. அதைத் தூக்கினால் டிக்கி சீட்டு. அதற்குக் கூரை கிடையாது, கதவும் கிடையாது. சக்கரத்தின் மேல் கால் வைத்துத் தாவி ஏற வேண்டும். வாலிபப் பிள்ளைகள் விளையாட்டாகக் குந்திப் போவதற்கான இடம் அது.

"முன்னாடி ஏறுங்க துவான்" என்று இப்ராஹிம் மரியாதையாகக் கதவைத் திறந்தார்.

பாக்கியசாமி ஓர் அடி பின்வாங்கினார். "முன்னாடியா? டிரைவர் பக்கத்துலயா? எந்தத் துரையாச்சும் முன்னாடி உக்காந்து பாத்திருக்கியா? பியூன்தான் முன்னாடி உக்காருவான். பெரியவங்க எடம் பின்னாடி."

"துவான், இந்த வண்டியில பின்னாடின்னா அது சும்மா..."

"பின்னாடின்னா பின்னாடிதான்லா!"

பாக்கியசாமி பின்னால் உட்கார்ந்தால் கார்த்திகேசு முன்னால் உட்காருவாரா? காரியதரிசி என்ன பியூனா? அவரும் பின்னால்தான் ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கோட்டும் சூட்டுமாக இரண்டு கனத்த சரீரங்களைக் கடைப் பையன்கள் அடியிலிருந்து தள்ள, இப்ராஹிம் மேலிருந்து இழுக்க, டிக்கிக்குள் இறக்கினார்கள். பியூன் இடம் செபாஸ்டியனுக்குக் கிடைத்தது. இப்ராஹிம் ஓட்டினார்.

ஆயர் ஈத்தாம் சாலைக்குப் போகிறவரைக்கும் எல்லாம் மங்களமாகத்தான் இருந்தது. தலைவர் இரு பக்கமும் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டே வந்தார். பிறகு பினாங்கு மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து அண்டாவைக் கவிழ்க்கிற மழை. முன்னால் கூரைக்கு அடியில் செபாஸ்டியனும் இப்ராஹிமும் ஒரு சொட்டுப் படாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, முன்னாடி வந்து உக்காருங்க, நான் பின்னாடி போறேன்" என்று செபாஸ்டியன் திரும்பிக் கத்தினான்.

"நீ உன் எடத்துல இரு!" என்று மழைக்குள்ளிருந்து பதில் வந்தது.

கார்த்திகேசு குடையை விரித்தார். விரித்த குடை அப்படியே மேல்நோக்கித் திரும்பி, பிய்ந்துகொண்டு, ஒரு சீனர் காய்கறித் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்த புஷ்பவள்ளி என்கிற அம்மாள், இரண்டு பெரிய மனுஷர்கள் கோட்டோடு வண்டியின் பின்பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நனைந்துகொண்டு போவதைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயோ, யாரை எங்க கொண்டுபோறீங்க? பொதைக்கவா?" என்று கேட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் இரண்டு பேரையும் கயிறு போட்டுத்தான் வெளியில் எடுத்தார்கள். பாக்கியசாமியின் பற்கள் தந்தி அடித்தன. செபாஸ்டியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் இந்த மனுஷர் காரின் பெயரையே எடுக்கமாட்டார் என்று நினைத்து, வழியில் மாதாவுக்கு மெழுகுவத்தி வேறு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

சங்கத்தைப் பற்றி அவனுக்கு இன்னும் தெரியவில்லை. ஜுரத்தோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்கு வந்த பாக்கியசாமி, "சங்கத்துக்காக நனைந்தேன்! இந்த நனைதல் வீண் போகலாமா?" என்று கேட்டார். போகக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் செபாஸ்டியன் கார் ஓட்ட, தலைவர் பின்னால் அமர்ந்து நகர்வலம் வருவது என்று உபதீர்மானமும் நிறைவேறியது. மழை பெய்தால் தலைவருக்குக் குடை பிடிப்பதற்கென்று கார்த்திகேசுவைக் குடைக் காரியதரிசியாகவும் நியமித்தார்கள்.

ஆண்டு விழா வந்தது. பிரதம விருந்தினர் ஒரு வெள்ளைக்கார துரை. அவருக்குத் தமிழில் 'நல்லது' என்ற ஒரு சொல் தெரியும். கீழே தெருவில் சிவப்புக் கார் மாலையோடு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மேலே பாதிரியார் மந்திரித்த தீர்த்தமும் தெளித்திருந்தார்கள்; எந்தச் சாமியைப் பகைத்துக்கொள்ளவும் சங்கம் தயாராக இல்லை. மேடையில் வெள்ளித் தாம்பாளம். அதில் பட்டுப் பையில் ஜாதிக்காய்த் தோப்பின் கடைசிப் பணம். விழா முடிவில் தலைவர் அதைத் தொட்டு ஆசீர்வதிக்க, செபாஸ்டியன் அதை எடுத்து முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிற இப்ராஹிமிடம் கொடுக்க வேண்டியது என்று ஏற்பாடு.

வரவேற்பு, சக்கரவர்த்தி வாழ்த்து, அறிக்கை, அறிக்கைக்குப் பாராட்டு, பாராட்டுக்குப் பதில் என்று ஒவ்வொன்றாக நடந்தது. துரை கைக்குட்டையால் விசிறிக்கொண்டு கூரையில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் அன்னமேரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, மில் ஓடாமலே அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் கார்த்திகேசு, "வந்தனோபசாரம், மாணவன் செபாஸ்டியன்" என்று அறிவித்து, தாம் எழுதி வைத்திருந்த நன்றியுரையை அவன் கையில் திணித்தார்.

வந்தனோபசாரத்தை இந்தச் சங்கத்தில் யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் வடை பொரிகிற சத்தம் கேட்கும். ஜனங்கள் காலால் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். பேசுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் கை தட்டுவார்கள், தலைவர் எழுந்து கும்பிடுவார். ஒரு வருஷம் நல்லமுத்து வாய் குழறி, தம் மனைவி இரட்டைப் பிள்ளை பெற்றதற்குத் தலைவருக்கு மனமார்ந்த நன்றி சொல்லிவிட்டார். அதற்கும் கரகோஷம் எழுந்தது. தலைவரும் எழுந்து கும்பிட்டார்.

செபாஸ்டியன் எழுந்து நின்றான். திரும்பிக்கொண்டிருந்த தலைகளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். தாம்பாளத்தைப் பார்த்தான். கார்த்திகேசு எழுதிக் கொடுத்ததை மடித்துச் சட்டைப் பையில் போட்டான். பிறகு துரையின் பக்கம் திரும்பி, காலேஜில் படித்த இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகப் பேசத் தொடங்கினான்.

"எங்கள் தலைவர் திரு. பாக்கியசாமிக்கு எப்படி நன்றி சொல்வேன்!"

கரகோஷம். தலைவர் எழுந்து கும்பிட்டார்.

"தகப்பன் இல்லாத என்னைச் சங்கம் படிக்க வைத்தது. இப்போது எனக்குக் கடைசி வருஷம். சிலர் இந்தப் பணத்தில் எனக்கு மோட்டார் கார் வாங்கித் தரலாம் என்றார்கள்."

கரகோஷம். கும்பிடு. பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் முழுவதிலும் அவருக்குப் புரிந்த முதல் பேச்சு இது.

"ஆனால் தலைவர், ஓர் ஏழைத் தாயின் மகன் டாக்டராவதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டார். இதோ இந்தப் பணம் முழுவதையும் என் படிப்புக்கே, மேன்மை தங்கிய துரை அவர்களின் கையால், இப்போதே வழங்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார். இப்படிப்பட்ட பெருந்தன்மையை நான் எங்கும் கண்டதில்லை!"

கரகோஷம் கூரையைப் பிளந்தது. வடை தயாராகிவிட்டது. தலைவர் எழுந்து, இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டார். குனிந்த நிலையிலேதான் அவருக்கு இங்கிலீஷ் புரிந்தது. நிமிர்வதற்குள் அவர் கையைத் துரை பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் பாக்கியசாமி! அருமை! அருமை! இந்தக் காலத்தில் சின்னப் பையன்களெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று அலைகிறார்கள். நீங்கள் செய்ததுதான் சரி. இதை நான் பெரிய இடத்தில் சொல்லப் போகிறேன். நல்லது! நல்லது!" என்று குலுக்கினார். குலுக்கிய கையோடு தாம்பாளத்திலிருந்த பையை எடுத்து, செபாஸ்டியனின் இரண்டு கையிலும் வைத்துவிட்டார். சீனப் போட்டோக்காரர் படம் பிடித்தார். படத்தில் தலைவரின் வாய் திறந்திருந்தது.

"அப்ப... காரு?" என்று முன்வரிசையிலிருந்து இப்ராஹிம் எழுந்தார்.

பாக்கியசாமி ஒரு கணம்தான் தடுமாறினார். துரை இன்னும் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். மணியை அடித்தார். வந்தனோபசாரத்துக்குப் பதில் சொல்கிற வழக்கம் கிடையாது, அன்று உண்டாயிற்று.

"அன்பர்களே! கார்! கார் என்னும் மாயை! இந்தப் பையன் கார் வேண்டும், கார் வேண்டும் என்று என் வீட்டுக்கு நடையாய் நடந்தான். நான் கஞ்சி குடிக்கும்போதுகூட விடவில்லை! மழையில் என்னை உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றி, என் மனதைக் கரைக்கப் பார்த்தான். நான் கரைந்தேனா? 'தம்பி, கார் எங்கே போய்விடப் போகிறது? படி! முதலில் படி!' என்று தலை தலையாய் அடித்துக்கொண்டேன்..."

சபையில் இருந்த பெரியவர்கள் செபாஸ்டியனைப் பார்த்து, 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தலையை ஆட்டினார்கள். தர்க்கத்தில் கார் வாங்கியே தீர வேண்டும் என்று கூவிய ஹென்றிகூட முகத்தைச் சுளித்துக்கொண்டார். செபாஸ்டியன் பட்டுப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, பெண்கள் பக்கம் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றான். நின்றுகொண்டு, சபையில் எல்லாரையும்விட உரக்கக் கை தட்டினான்.

அன்னமேரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. செருப்பை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

"ஏன்டா பாவி, அந்த ஆளு உன்னைத்தான்டா அவமானப்படுத்துறான்! நீ கை தட்டிக்கிட்டு நிக்கிற!"

"நீயும் தட்டும்மா," என்றான் செபாஸ்டியன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா தட்டு. நாம நிறுத்தினா அவரு யோசிக்க ஆரம்பிச்சிடுவாரு."